பழுதுக்கும் மீட்புக்கும் இடைப்பட்ட நேரம்

1988 ஜூன் மாதம் சிகாகோவில் தரவுத்தள ஆய்வாளர்களின் சிக்மாட் மாநாடு நடந்தது. பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் அதில் ஒரு கட்டுரையை முன்வைத்தார்கள். விலை உயர்ந்த ஒரே ஒரு பெரிய வட்டை நம்பியிருப்பதைவிட, மலிவான சிறு வட்டுகளை நிறையச் சேர்த்துக் கட்டுவது மேல் என்பது அவர்கள் வாதம். அந்த ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர் வைத்தார்கள். இன்று வங்கியின் சர்வர் முதல் திருமண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோவின் சேமிப்புப் பெட்டி வரை அந்தப் பெயர் பரவியிருக்கிறது.

ஆனால் கட்டுரையின் தொடக்கத்திலேயே தங்கள் யோசனைக்கு எதிரான ஒரு கணக்கையும் அவர்களே எழுதியிருந்தார்கள். அன்றைய சிறு வட்டு ஒன்று சராசரியாக 30,000 மணி நேரம் ஓடும், அதாவது மூன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக. அப்படிப்பட்ட நூறு வட்டுகளைச் சேர்த்து வைத்தால், அவற்றில் ஏதாவது ஒன்று 300 மணி நேரத்துக்கு ஒருமுறை பழுதாகும். இரண்டு வாரம்கூட இல்லை. எந்த வட்டு போனாலும் தரவு போகும் என்றால் இப்படி ஒரு தொகுப்பை யாரும் கட்டத் துணியமாட்டார்கள். ரெய்டின் எல்லா நுட்பங்களும் இந்த 300 மணி நேரத்துக்குச் சொன்ன பதில்களே.

அவ்வளவு ஆபத்து இருந்தும் சிறு வட்டுகள்மேல் ஏன் ஆசை? ஐபிஎம் 3380 அன்றைய பெரிய வட்டு. 14 அங்குலத் தட்டுகள், 7,500 மெகாபைட் கொள்ளளவு, 24 கன அடி இடம், 6,600 வாட் மின்சாரம். கானர் நிறுவனத்தின் சிபி3100 என்ற மூன்றரை அங்குல வட்டு 100 மெகாபைட்தான் கொள்ளும். ஆனால் 10 வாட் போதும். 75 சிறு வட்டுகளைச் சேர்த்தால் அதே கொள்ளளவு, மின்சாரமோ 750 வாட். அதைவிட முக்கியம், தரவைத் தேடி நகரும் கைகளின் எண்ணிக்கை. பெரிய வட்டில் நான்கு கைகள். சிறு வட்டுகளின் கூட்டத்திலோ 75 கைகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை பார்க்கும்.

கைகள் ஏன் முக்கியம்? நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் இன்றைய வட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. வேண்டிய இடம் கையின் நுனியிலுள்ள படிக்கும் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். கை நகர்ந்து சரியான தடத்தில் நிற்க இன்னும் எட்டு மில்லிவினாடி அளவுக்குப் பிடிக்கும். இரண்டையும் கூட்டினால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் தரவைத் தேடி எடுக்கும் வேலையை ஒரு வட்டு வினாடிக்கு 80 முறைதான் செய்ய முடியும். செயலி எத்தனை மடங்கு வேகமானாலும் இந்த எண் பெரிதாக மாறவில்லை, ஏனென்றால் இங்கே தடையாக நிற்பது இரும்பும் அலுமினியமும். வேகம் வேண்டுமென்றால் வட்டுகளைப் பெருக்க வேண்டும். பெருக்கினால் பழுதும் பெருகும்.

பழுதைச் சமாளிக்க எளிய வழி, எல்லாவற்றையும் இரண்டு வட்டுகளில் எழுதுவது. டேன்டம் போன்ற நிறுவனங்கள் 1970-களிலேயே இதைச் செய்தன. ஒன்று போனால் மற்றது இருக்கிறது. படிக்கும் வேலையை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பதால் வேகமும் கூடும். விலைதான் இடிக்கிறது: வாங்கிய கொள்ளளவில் பாதி நகலுக்கே போய்விடும். ரெய்டின் வரிசையில் இது முதல் நிலை. (பூஜ்யம் என்ற நிலை மூலக்கட்டுரையில் இல்லை. தரவைத் துண்டாக்கிப் பல வட்டுகளில் பரப்பிவிட்டு, பாதுகாப்பு எதுவும் செய்யாமல் விடுவதற்குப் பின்னால் வந்த பெயர் அது. இழந்தால் கவலையில்லை என்ற தற்காலிகத் தரவுக்கு மட்டுமே அது பொருந்தும்.)

பாதியை இழக்காமல் பாதுகாக்க முடியுமா? முடியும் என்று காட்டுவது பேரிட்டி. வீட்டின் மாதக் கணக்கில் மளிகை, பால், மின்கட்டணம், வாடகை என்று நான்கு வரிகளும் அடியில் மொத்தத் தொகையும் இருக்கின்றன. ஒரு வரி மை கொட்டி அழிந்துவிட்டால், மொத்தத்திலிருந்து மற்ற மூன்றையும் கழித்து அதை மீட்டுவிடலாம். எந்த வரி அழிந்தாலும் இது நடக்கும். மொத்தத்துக்கென்று எழுதிய அந்த ஒரு வரி, நான்கு வரிகளில் எதை இழந்தாலும் காப்பாற்றுகிறது.

வட்டுகளில் கூட்டலுக்குப் பதில் ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கணக்கு. மூன்று வட்டுகளில் 1011, 0110, 1100 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை 1 இருக்கிறது என்று பார்த்து, இரட்டைப்படை என்றால் 0, ஒற்றைப்படை என்றால் 1 என்று நான்காம் வட்டில் எழுதினால் 0001 வரும். இரண்டாம் வட்டு போய்விட்டது. மிஞ்சிய 1011, 1100, 0001 மூன்றுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 0110. தொலைந்தது திரும்ப வந்துவிட்டது. இவ்வளவுதான் செயல், ஒரு செயலி இதை வினாடிக்குக் கோடிக்கணக்கான முறை செய்யும். இப்படி மீட்கும் ஏற்பாட்டுக்கு ஐபிஎம்மின் நார்மன் கென் ஔச்சி 1978-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். பெர்க்லி மூவரின் பங்கு, சிதறிக் கிடந்த இத்தகைய உத்திகளை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றும் எதைத் தருகிறது, எதை வாங்கிக்கொள்கிறது என்று எண்களால் காட்டியது. அறிவியலில் இப்படி அடுக்கிக் காட்டுவதும் பெரிய பணிதான்.

அவர்கள் வரிசையில் இரண்டாம், மூன்றாம் நிலைகள் இன்று கிட்டத்தட்ட மறைந்துவிட்டன. நான்காம் நிலையில் பேரிட்டி முழுவதும் ஒரே வட்டில் இருக்கும். எந்த வட்டில் எதை எழுதினாலும் பேரிட்டியையும் மாற்ற வேண்டியிருப்பதால், அந்த ஒரு வட்டின் முன் எல்லா எழுத்துவேலையும் வரிசையில் நிற்கும். பேரிட்டியை எல்லா வட்டுகளுக்கும் மாற்றி மாற்றிப் பரப்பி அந்த நெரிசலைத் தீர்த்தது ஐந்தாம் நிலை. ரெய்டு 5 என்று கடைக்காரரும் சொல்லும் பெயர் அதுதான். நான்கு வட்டு வாங்கினால் மூன்று வட்டின் இடம் கிடைக்கும், பதினொன்று வாங்கினால் பத்து.

இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் ரெய்டு 5 வாங்கிக்கொள்ளும் விலை வெளியே தெரிவதில்லை. தரவுத்தளத்தில் ஒரு வாடிக்கையாளரின் கணக்கு இருப்பு மாறுகிறது. சில கிலோபைட்டை மட்டும் மாற்றி எழுத வேண்டும். ரெய்டு 5 முதலில் பழைய தரவைப் படிக்கும், பழைய பேரிட்டியைப் படிக்கும், வித்தியாசத்தைக் கணக்கிடும், பிறகு புதிய தரவை எழுதி, புதிய பேரிட்டியையும் எழுதும். கேட்டது ஓர் எழுத்து, நடந்தது நான்கு வேலை. எட்டு வட்டுகள், வட்டுக்கு வினாடிக்கு 80 வேலை என்றால் மொத்தம் 640. இரட்டை நகல் முறையில் ஓர் எழுத்துக்கு இரண்டு வேலை என்பதால் வினாடிக்கு 320 எழுத்துகள். ரெய்டு 5-ல் 160. எட்டும் அதே வட்டுகள்தான், எழுதும் வேகம் மட்டும் பாதி.

ஆனால் எழுதுவது பெரிய வீடியோ கோப்பு என்றால் கதை வேறு. எல்லா வட்டுகளிலும் ஒரு முழு வரியை ஒரேயடியாக நிரப்பும்போது பழையதைப் படிக்கத் தேவையே இல்லை. பேரிட்டியைக் கையிலிருக்கும் புதிய தரவிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். அப்போது ரெய்டு 5 இரட்டை நகலை முந்திவிடும். ஆகவே எது வேகம் என்ற கேள்விக்கு, எதை எழுதப் போகிறோம் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. நெட்ஆப் நிறுவனம் இதை நன்றாகப் புரிந்துகொண்டது. சிறு எழுத்துகளைத் திரட்டி முழு வரியாக எழுதும் கோப்பு முறையை அமைத்து, மற்றவர்கள் கைவிட்ட ரெய்டு 4-ஐயே பல ஆண்டுகள் வெற்றிகரமாக ஓட்டியது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. புதிய தரவை எழுதிவிட்டு, பேரிட்டியை எழுதுவதற்குள் மின்சாரம் போய்விட்டால்? இரண்டும் பொருந்தாமல் நிற்கும். அப்போதைக்கு யாருக்கும் தெரியாது. பல மாதம் கழித்து வேறு வட்டு பழுதாகி, அந்தப் பேரிட்டியை நம்பி மீட்கும்போதுதான் தவறான தரவு வந்து சேரும். இதற்காகத்தான் நல்ல ரெய்டு கட்டுப்பாட்டு அட்டைகளில் பேட்டரி தாங்கும் நினைவகம் வைக்கிறார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் உருவான இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை இருப்பதன்மேல் எழுதுவதையே தவிர்த்து, புதிய இடத்தில் முழுதும் எழுதிய பிறகே பழையதை விடுகிறது. மின்தடை வழக்கமான ஊரில் இது வெறும் ஏட்டுப் பிரச்சினை அல்ல.

இடம், வேகம், பாதுகாப்பு என்ற மூன்றையும் வைத்துத்தான் ரெய்டைப் பற்றி வழக்கமாகப் பேசுவார்கள். என் பார்வையில் தீர்ப்பு சொல்வது நான்காவது ஒன்று: ஒரு வட்டு பழுதானதற்கும், அதற்கு மாற்றாக வைத்த வட்டு முழுதும் நிரம்புவதற்கும் இடைப்பட்ட நேரம். அந்த இடைவெளியில் ரெய்டு 5 பாதுகாப்பற்றது. இன்னொரு வட்டு போனால் எல்லாம் போகும்.

மூலக்கட்டுரையே இதைச் சூத்திரமாக வைத்திருந்தது. ஒரு வட்டின் சராசரி ஆயுளை அதாலேயே பெருக்க வேண்டும். மொத்த வட்டுகள், ஒரு குழுவில் மிஞ்சிய வட்டுகள், மீட்பு நேரம் ஆகிய மூன்றின் பெருக்கலால் அதை வகுத்தால், தரவு இழப்புக்கு முன் சராசரியாக எவ்வளவு காலம் ஓடும் என்று கிடைக்கும். அவர்கள் எடுத்தது தரவுக்கு 100 வட்டுகள், பத்துப் பத்தாகப் பிரித்துக் குழுவுக்கு ஒரு பேரிட்டி வட்டு, ஆக மொத்தம் 110. மீட்பு நேரம் ஒரு மணி. 30,000-ஐ 30,000-ஆல் பெருக்கினால் 90 கோடி. 110, 10, 1 மூன்றையும் பெருக்கினால் 1,100. வகுத்தால் ஏறத்தாழ 8,18,000 மணி நேரம், அதாவது 90 ஆண்டுகளுக்கு மேல். இரண்டு வாரத்தில் தரவை இழக்கும் தொகுப்பு, பத்து சதவீதம் கூடுதல் வட்டுகளால் ஒரு மனித ஆயுளையே தாண்டிவிட்டது. ரெய்டு உலகை வென்றது இந்த எண்ணால்தான்.

இப்போது அந்தச் சூத்திரத்தில் மீட்பு நேரத்தை மட்டும் மாற்றுவோம். ஒரு மணிக்குப் பதில் 24 மணி. விடை சுமார் 34,000 மணி, நான்கு ஆண்டுக்கும் குறைவு.

மீட்பு நேரம் ஏன் அப்படி மாறும்? 1988-ன் சிறு வட்டு 100 மெகாபைட். வினாடிக்கு ஒரு மெகாபைட் வேகத்தில் முழுதும் படிக்க 100 வினாடி. இன்றைய 20 டெராபைட் வட்டு வினாடிக்கு 250 மெகாபைட் வேகத்தில் விடாமல் ஓடினாலும் 80,000 வினாடி பிடிக்கும், 22 மணி நேரத்துக்கு மேல். கொள்ளளவு இரண்டு லட்சம் மடங்கு வளர்ந்தது, வேகம் 250 மடங்குதான் வளர்ந்தது. 22 மணி என்பதும் நல்ல நிலையில் கிடைப்பது. தட்டின் உள்வட்டத்தில் வேகம் குறையும். மீட்பு நடக்கும்போதே வழக்கமான வேலையும் ஓடும். பல இடங்களில் இரண்டு மூன்று நாளாகிவிடும். இன்றைய வட்டுகளின் சராசரி ஆயுள் பழையவற்றைவிடப் பல மடங்கு கூடியிருப்பது ஓரளவு ஈடு செய்கிறது, முழுதும் அல்ல.

அந்தச் சூத்திரம் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டிருந்தது: ஒரு வட்டின் பழுதுக்கும் அடுத்ததன் பழுதுக்கும் தொடர்பில்லை என்று. இதைச் சோதித்தவர்களில் கார்த் கிப்சனே ஒருவர் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. தன் இளமைக்காலக் கட்டுரையின் அடிப்படையைத் தானே ஆய்வுக்கு உட்படுத்தினார். பியாங்கா ஷ்ரோடரும் அவரும் ஏறத்தாழ ஒரு லட்சம் வட்டுகளின் மாற்றுப் பதிவுகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார்கள். உற்பத்தியாளர் தாள்களின்படி ஆண்டுக்கு 0.88 சதவீதத்துக்கு மேல் வட்டுகள் போகக்கூடாது. நடைமுறையில் 2 முதல் 4 சதவீதம் சாதாரணம், சில இடங்களில் 13 சதவீதம் வரை. பழுதுகள் ஒன்றையொன்று சாராதவை என்பதும் நிற்கவில்லை. ஒன்று போன பிறகு அடுத்ததும் போகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஒரே பெட்டி, ஒரே சூடு, ஒரே அதிர்வு, பல சமயம் ஒரே நாளில் ஒரே ஆலையிலிருந்து வந்த வட்டுகள். இப்படி நடப்பதில் ஆச்சரியமில்லை.

முழு வட்டும் போக வேண்டும் என்றுகூட இல்லை. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் வட்டுகள் பலவற்றின் தாளில், 10-ன் அடுக்கு 14 பிட்டுகளைப் படித்தால் ஒன்று படிக்க முடியாமல் போகலாம் என்று இருக்கும். அது 12.5 டெராபைட். நான்கு 8 டெராபைட் வட்டுகள் கொண்ட ரெய்டு 5-ல் ஒன்று போனால், மீட்க 24 டெராபைட்டை ஒரு பிழையும் இல்லாமல் படித்தாக வேண்டும். பெரும்பாலான வட்டுகள் தாளில் உள்ளதைவிட நன்றாகவே நடந்துகொள்ளும். ஆனாலும் இவ்வளவு குறுகிய விளிம்பில் ஒருவரின் பத்தாண்டு உழைப்பை நிறுத்துவது சரியல்ல.

இரண்டு வட்டு போனாலும் தாங்கும் ரெய்டு 6 இந்த இடத்தில்தான் வருகிறது. முதல் பேரிட்டியோடு இன்னொரு சமன்பாட்டையும் அது வைத்துக்கொள்ளும். தெரியாதவை இரண்டானால் சமன்பாடுகளும் இரண்டு வேண்டும் என்ற பள்ளிக் கணக்குதான். அந்த இரண்டாவது சமன்பாட்டுக்குப் பெரும்பாலும் உதவுவது எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில் இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் 1960-ல் வெளியிட்ட குறியீடு. கீறல் விழுந்த குறுந்தகடு பாட்டுப் பாடியதும் அதே குறியீட்டின் குடும்பத்தால்தான். விலை: சிறு எழுத்து ஒன்றுக்கு ஆறு வேலை. நாம் பார்த்த எட்டு வட்டுகளில் வினாடிக்கு 107 எழுத்துகளுக்கு இறங்கிவிடும்.

நான்கு வட்டு மட்டும் இருந்தால் ஒரு சுவையான போட்டி உண்டு. இரண்டு இரண்டாக நகலெடுத்து அவற்றின்மேல் தரவைப் பரப்பும் ரெய்டு 10-ம் சரி, ரெய்டு 6-ம் சரி, பாதி இடத்தையே தரும். ரெய்டு 6 எந்த இரண்டு வட்டு போனாலும் தாங்கும். ரெய்டு 10-ல் இரண்டு வட்டு போகக்கூடிய ஆறு விதங்களில், ஒரே ஜோடி போகும் இரண்டு விதங்களில் தரவு அழியும். ஆனால் அது வேகமாக எழுதும், மீட்பின்போது ஜோடியிலிருந்து நகலெடுத்தால் போதும், மற்ற வட்டுகளைத் தொடவேண்டாம். தரவுத்தளம் ஓடும் இடத்தில் ரெய்டு 10-ஐயும், படங்களும் வீடியோக்களும் குவியும் இடத்தில் ரெய்டு 6-ஐயும் தேர்ந்தெடுப்பேன். ரெய்டு 5-ஐப் பெரிய சுழல் வட்டுகளில் இனிப் பரிந்துரைக்கமாட்டேன்.

பெரும் இணைய நிறுவனங்களில் இதே கணக்கு ஒரு பெட்டியைத் தாண்டி, கட்டடம் முழுக்க விரிகிறது. ஃபேஸ்புக் தன் கிடங்கில் தரவைப் பத்துத் துண்டாக்கி, ரீட்-சாலமன் முறையில் நான்கு காப்புத் துண்டுகள் சேர்த்து, பதினான்கு கணினிகளில் வைத்தது. எந்த நான்கு போனாலும் தாங்கும். கூடுதல் இடம் 40 சதவீதம்தான். ஆனால் ஒரு துண்டை மீட்கப் பத்துத் துண்டுகளை வலை வழியே இழுக்க வேண்டும். கே. வி. ரஷ்மியும் உடன் ஆய்வாளர்களும் 2013-ல் வெளியிட்ட அளவீட்டின்படி, அந்தக் கிடங்கில் மீட்புக்காக மட்டும் கணினி அடுக்குகளுக்கிடையே ஒரு நாளில் 180 டெராபைட்டுக்கு மேல் ஓடியது. மீட்பின் செலவே தலைவலியாகிவிட்டது.

மைக்ரோசாஃப்ட் தன் அஸூர் சேமிப்பில் 12 தரவுத் துண்டுகளை ஆறாறாகப் பிரித்து, குழுவுக்கு ஒன்று, மொத்தத்துக்கு இரண்டு என்று காப்புத் துண்டுகள் வைத்தது. ஒரு துண்டு போனால் ஆறைப் படித்தால் போதும். நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி. விஜய் குமாரின் குழு இன்னும் ஆழமாகப் போனது. மிஞ்சிய துண்டுகளை முழுதாகப் படிக்காமல் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்து மீட்கும் குறியீட்டை உருவாக்கி, க்ளே என்று பெயரிட்டு 2018-ல் வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்த ஓர் அமைப்பில், மீட்புக்காக வலையில் ஓடும் தரவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. செஃப் என்ற திறந்தமூல சேமிப்பு மென்பொருளில் அது இன்று சேர்ந்திருக்கிறது. 1988-ன் சூத்திரத்தில் மீட்பு நேரம் என்று நின்ற அதே உறுப்பைச் சிறிதாக்கும் வேலைதான் இதுவும்.

இவை எதுவும் பேக்கப்புக்கு மாற்று ஆகாது. ரெய்டு காப்பது வட்டின் பழுதிலிருந்து மட்டும். தவறான கட்டளை, வைரஸ், தீ, திருட்டு எதுவும் அதற்குத் தெரியாது. நீங்கள் ஒரு கோப்பை அழித்தால் எல்லா வட்டிலும் ஒரே நொடியில் விசுவாசமாக அழித்துவிடும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்தார். நிறுத்துவதற்குள் 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்தான் மிஞ்சியிருந்தது. பேக்கப் ஏற்பாடுகள் பல இருந்தும் அன்று நம்பகமாகக் கைகொடுத்தது எதுவும் இல்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதி காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

ஆகவே சேமிப்புப் பெட்டி வாங்கும்போது எத்தனை டெராபைட் என்பதோடு நிறுத்தாமல், ஒரு வட்டு போனால் முழுதும் மீள எத்தனை மணி நேரமாகும், அதுவரை இன்னொன்று போனால் தாங்குமா என்று விற்பவரிடம் கேளுங்கள். மாற்று வட்டு ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். தேடி வாங்கும் நாட்களும் மீட்பு நேரத்தில்தான் சேரும். வட்டுகள் எல்லாவற்றையும் ஒரே தொகுதியில் வாங்காதீர்கள். மாதம் ஒருமுறை எல்லா வட்டுகளையும் முழுதும் படித்துச் சரிபார்க்கும் வசதி உங்கள் பெட்டியில் இருந்தால் அதை முடுக்கிவிடுங்கள். தரவின் இன்னொரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்கட்டும். அதிலிருந்து ஒரு கோப்பை இந்த வாரமே எடுத்துத் திறந்து பாருங்கள்.